இந்தியா 4%, இலங்கை 2%: கல்விச் செலவை இப்படி ஒப்பிடலாமா?

பொருளியல் மாணவன்:
முதுகலைக் கட்டுரைக்காக இந்தியா, இலங்கை இரண்டின் அரசுக் கல்விச் செலவையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இந்தியா 4 சதவீதத்துக்குச் சற்று மேலே. இலங்கை பல ஆண்டுகளாக 2 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. ஆனால் எழுத்தறிவில் இலங்கை 90 சதவீதத்தைத் தாண்டி வெகுகாலமாகிறது. இந்தியாவில் 2011 கணக்கெடுப்பில்கூட 74தான். பாதி செலவு செய்யும் நாடு எப்படி முன்னால் நிற்கிறது? என் கணக்கில் எங்கே பிழை?

வரவுசெலவு:
மத்திய பட்ஜெட்டை மட்டும் எடுத்தீர்களா? இந்தியாவில் கல்விக்கான பணத்தில் பெரும்பகுதி மாநிலங்களுடையது. இலங்கையிலும் 1987-இல் வந்த 13-ஆம் திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழ்தான். அதையும் சேர்க்க வேண்டும்.

பொருளியல் மாணவன்:
இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் போட்டேன் சார். அப்படியும் இடைவெளி குறையவில்லை.

மலையக ஆசிரியை:
தம்பி, நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் 26 வருடம் படிப்பித்துவிட்டு ஓய்வுபெற்றவள் நான். உங்கள் கூட்டலில் பிழையில்லை. இன்றைய செலவை நேற்றைய பலனோடு பொருத்துகிறீர்கள், அதுதான் பிரச்சினை. 60 வயதுக்காரர் ஒருவர் பத்திரிகை வாசிக்கிறார் என்றால் அதற்கான செலவு இந்த வருட பட்ஜெட்டில் இருக்காது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945-இல் தொடங்கியது. பாடநூல் 1980-இலிருந்து இலவசம், சீருடைத் துணி 1993-இலிருந்து. இந்தியாவில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010-இல்.

அந்த 90-க்குள்ளும் எல்லாரும் ஒன்றில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970-களில்தான். என் அம்மா தோட்ட நிர்வாகம் நடத்திய ஒற்றை அறையில், ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். 1945-இல் வந்த இலவசக் கல்வி அவருக்கு வந்து சேரவேயில்லை.

அப்புறம், தயவுசெய்து 2 சதவீதம் போதும் என்று எழுதிவிடாதீர்கள். மீதியைப் பெற்றோர் கட்டுகிறார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கே ரியூஷன். கொழுந்து பறித்து வரும் நாட்சம்பளத்திலிருந்து அது போகிறது, அரசுச் செலவு என்ற நிரலில் எங்கும் தெரியாது. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அந்த வருடம் என் வகுப்புக்குக் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதித்தான் பரீட்சை வைத்தேன். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்து கேள்வியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் எழுதினார்கள். செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. ரூபாயில் கொஞ்சம் கூட்டித் தந்தாலும் அது எத்தனை தாளுக்குக் காணும்?

வரவுசெலவு:
அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2018-இல் இலங்கையின் ஆள்வீத வருமானம் இந்தியாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியானால் அங்கே 2 சதவீதமும் இங்கே 4 சதவீதமும் தலைக்குக் கிட்டத்தட்ட ஒரே தொகைதான். சதவீதத்தை விட்டுவிட்டு ஒரு மாணவருக்கு எவ்வளவு என்று போடுங்கள், உங்கள் புதிரில் பாதி கரைந்துவிடும். இரண்டு நாட்டிலும் கேட்கப்படும் எண் ஒன்றே என்பதையும் எழுதுங்கள்: இங்கே 1966-இல் கோத்தாரி கல்விக் குழு கல்விக்கு 6 சதவீதம் வேண்டும் என்றது, அங்கே 2012-இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அதே 6-க்காக வேலைநிறுத்தம் செய்தார்கள்.

பொருளியல் மாணவன்:
சரி, அட்டவணையை மாணவர் ஒருவருக்கான தொகையாக மாற்றுகிறேன். டீச்சர், கரும்பலகைப் பரீட்சையை உங்கள் பெயர் இல்லாமல் கட்டுரையில் சேர்க்கலாமா?

மலையக ஆசிரியை:
தாராளமாக, தம்பி. ஆனால் இலங்கை என்று ஒரே வரியாகப் போடாதீர்கள். நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரியுங்கள்.