வெள்ளி வைத்த மூக்குப்பொடி டப்பி: உங்கள் கைக்கு எப்படி வந்தது?

ஜெலுத்தோங்காரன்:
எனக்குக் கிடைத்தது பினாங்கு லோரோங் கூலிட் காலைச் சந்தையில். தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர் முன்னால் பழைய பூட்டுகள், வானொலிக் குமிழ்கள், நடுவே ஒரு புலிச்சோழி. தாயம் உருட்டும் சோழி இல்லை, உள்ளங்கை நிறையும் பெரியது. திருப்பினேன். வாய்ப்பக்கத்தை அறுத்து, வெள்ளித் தகட்டில் கீல் வைத்த மூடி. 280 ரிங்கிட் கேட்டார், 220க்குப் படிந்தது.

வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கை நடுங்கியது. மூடியின் உள்பக்கம் கடுகளவு முத்திரைகள்: நடக்கும் சிங்கம், நங்கூரம், ஓர் ஆணின் தலை. எந்த வருடம் என்று காட்டும் எழுத்து தேய்ந்துவிட்டது. நங்கூரத்தைக் கண்டதும் கப்பல்காரர் டப்பி என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால், இங்கிலாந்தில் கடலே இல்லாத பர்மிங்ஹாம் நகரின் முத்திரை அது. 1773 முதல் அங்கே வெள்ளியைச் சோதித்துக் குத்துகிறார்கள். சிங்கம் என்றால் 92.5 சதவீத வெள்ளி. தலை, அப்போது ஆண்ட மன்னர் அல்லது ராணியுடையது, வரி கட்டியதற்கு அடையாளம். 1784 முதல் 1890 வரைதான் அந்த வழக்கம். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்தது 1837-இல். என்னுடையதில் ஆண் தலை, ஆக ஏறக்குறைய அதற்கு முந்தியது என்று கணக்குப் போட்டேன்.

கீல் ஆணி கொஞ்சம் ஆடியது. ஒரு கடையில் கொடுத்தேன். ஈயப்பற்று வைத்துத் தந்துவிட்டார்கள். இப்போது மூடி பாதிதான் திறக்கிறது. லிட்டில் இந்தியாவில் ஒரு வயசான பத்தரிடம் காட்டினேன். "தம்பி, ஈயம் பட்ட வெள்ளிய சூடு காட்டினா தகட்டையே அரிச்சிடும். இனி யாரையும் நெருப்புல வைக்க விடாதீங்க" என்றார். பொடி டப்பிக்குக் கீல்தான் உயிர். மூடி இறுக்கமாக உட்கார்ந்தால்தான் பொடி காயாது, பையில் சிந்தாது. இருநூறு வருஷம் தாங்கிய கீல் என் கையில் வந்தா போக வேண்டும்? மனசு இன்னும் ஆறவில்லை.

ஆயர் ஈத்தாம் ரசிகன்:
நான் முதலில் வாங்கியது ஈ.பி.என்.எஸ். என்று குத்தியது. வெள்ளி முலாம்தான். சிங்கத்தைத் தேடாமல் பளபளப்பைப் பார்த்து வாங்கினேன்.

பிறை வாசகி:
அண்ணே, எங்கள் தாத்தா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். அவருடையது கொம்பு டப்பி, விளிம்பில் மட்டும் வெள்ளிப் பட்டை. முத்திரை ஒன்றும் இல்லை. அவர் போய் முப்பது வருஷம். போன மாதம் திறந்தேன், பொடி வாசம் அப்படியே இருக்கிறது. மூலையில் பழுப்பாகக் கொஞ்சம் ஒட்டியும் இருக்கிறது. ரப்பர் வளையம் போட்டிருந்த இடத்தில் கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. பாட்டி விளக்குத் துலக்குவது மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமா?

ஜெலுத்தோங்காரன்:
வேண்டாம்மா தங்கச்சி, தண்ணீரே காட்டாதே. கொம்பு ஊறினால் இதழ் இதழாகப் பிளந்துவிடும். என் சோழிக்குப் புளி பட்டால் மேல்பளபளப்பே போய்விடும், அதனால் எந்த டப்பிக்கும் புளி வைப்பதில்லை. அந்தக் கோடு ரப்பரில் உள்ள கந்தகத்தால் வந்தது. மெல்லிய பருத்தித் துணியால் பட்டையை மட்டும் துடை. கொம்பைப் பூச்சி அரிக்கும், மாதம் ஒரு முறை எடுத்துப் பார். முத்திரை இல்லை என்று கவலைப்படாதே, நம் ஊர்ப் பத்தர் அடித்த பட்டையில் இங்கிலாந்துச் சிங்கம் எங்கிருந்து வரும்? உள்ளே ஒட்டிய பொடியைச் சுரண்டாதே, அது தாத்தாவுடையது.

பிறை வாசகி:
சரி அண்ணே, தொடவில்லை. சனிக்கிழமை காலை அம்மாவோடு லோரோங் கூலிட் வருகிறேன். டப்பியையும் எடுத்து வருகிறேன், பாருங்கள்.