ஷால்க விழுந்த இரவு, 20 ஏப்ரல் 2021

எல்லா அண்ணாமார் அக்காமாருக்கும் தம்பி தங்கச்சியவைக்கும் வணக்கம்,

போன கிழமை கனடாவில இருக்கிற அண்ணை ஒராள் எழுதியிருந்தார், ஆரோ வெள்ளைக்காரன்ர உதைபந்தாட்டக் கிளப் ஒண்டு இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினதுக்கு ஜேர்மனியில இருக்கிற எங்கட பெடியள் ஏன் இன்னும் துக்கம் கொண்டாடுறாங்கள் எண்டு. அண்ணை பகிடிக்குக் கேட்டிருந்தாலும் நான் உண்மையாத்தான் பதில் எழுதப் போறன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

இந்தப் பக்கம் இல்லாத ஆக்களுக்காண்டி முதல் ஒண்டு சொல்லுறன். ஷால்க 04 எண்டுறது ஜேர்மனியில கெல்சன்கியர்ஷன் எண்ட நகரத்து உதைபந்தாட்டக் கிளப். 1904 இல தொடங்கினது, நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள இறங்கின சனத்தின்ர கிளப். ஜேர்மன் சம்பியன் பட்டம் ஏழு தரம் எடுத்தது, கடைசியா 1958 இல, அதுக்குப் பிறகு புண்டஸ்லீகா எண்ட இப்பத்தைய முதல் டிவிஷன் லீக் தொடங்கி இவ்வளவு காலத்தில ஒருக்காலும் எடுக்கேல்லை. சுரங்கங்கள் எல்லாம் பூட்டியாச்சு, நகரத்தில வேலை இல்லை, ஜேர்மனியிலேயே வறுமையான நகரங்களைச் சொல்லேக்க முதல் வரிசையில இந்தப் பேர்தான் வரும். ஆனா ஸ்ரேடியத்தில அறுபதாயிரத்துக்கு மேல சனம் கொள்ளும், அது நிரம்பும். ஆட்டக்காரர் மைதானத்துக்கு வாற வழியைச் சுரங்கப்பாதை மாதிரியே கறுப்பாக் கட்டி வைச்சிருக்கினம். அகதியா வந்து இந்த நகரத்தில இறக்கிவிடப்பட்ட எங்களுக்கு, பாஷை தெரியாத காலத்தில, பக்கத்தில நிக்கிற ஆளைக் கட்டிப்பிடிக்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

என்னை முதன்முதல் கூட்டிக்கொண்டு போனவர் மேல்வீட்டில இருந்த ஒரு ஜேர்மன் பெரியவர், சுரங்கத்தில வேலை செய்து பென்சன் எடுத்தவர். அப்ப பழைய பார்க்ஸ்ரடியோன், மழை பெய்தால் நனைய வேண்டியதுதான், மைதானத்தைச் சுத்தி ஓட்டப்பாதை இருந்தபடியா பந்து எங்கையோ தூரத்தில ஓடும். எனக்கு இருபது வயசும் ஆகேல்லை, அந்தாளுக்கு இங்கிலீஸ் தெரியாது எனக்கு ஜேர்மன் தெரியாது, கோல் அடிச்சால் தோளில ஒரு அடி, விட்டால் ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான் கதை. 1997 இல மிலானில இன்டர் கிளப்பை பெனால்ட்டியில வெண்டு யூஏஃபா கப் எண்ட ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது, கடைசிப் பெனால்ட்டியை அடிச்சது வில்மொட்ஸ், அண்டைக்கு இரவு ரோட்டில நிண்டு கத்தின கத்தில குரல் போய் அடுத்தநாள் வேலையில வாய் திறக்க ஏலாமல் நிண்டனான். 2001 மே 19 ஐப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. உண்டர்ஹாகிங்கை 5-3 எண்டு வெண்டு, பட்டத்துக்கு எங்களோட போட்டியா நிண்ட பயேர்ன் மியூனிக் ஹம்பேர்க்கில தோக்குது எண்டு நம்பி, சனம் மைதானத்துக்குள்ள இறங்கி அழுது கும்பிட்டு, நாலு நிமிஷம் சம்பியனா இருந்து, பிறகு அங்க பயேர்னின்ர அண்டர்சன் மேலதிக நேரத்தில ஒரு ஃப்ரீகிக்கை உள்ள அடிச்சு எல்லாம் போச்சு. ஆனா அந்த அழுகையில கூட பக்கத்தில ஆள் இருந்தது. இதைத்தான் நான் சொல்ல வாறன்.

2021 ஏப்ரல் 20, செவ்வாய்க்கிழமை. பீலபெல்டில மட்ச். கொரோனா காலம், ஸ்ரேடியத்தில சனம் இல்லை, கோச் கத்துறதும் பந்து உதைபடுற சத்தமும் மட்டும் ரீவியில கேக்கும். 50 ஆவது நிமிஷம் பீலபெல்டின்ர ஃபாபியன் குளோஸ் ஒரு கோல் அடிச்சார், 1-0, அதோட முடிஞ்சுது. இன்னும் நாலு மட்ச் இருக்கேக்கையே, 30 ஆட்டத்தில 13 புள்ளியோட, 1991 இல இருந்து ஒரு வருஷமும் விடாமல் நிண்ட முதல் டிவிஷன் போச்சு. இன்னொரு வீட்டு ஆளில ஒராளோட மட்டும்தான் கூடலாம் எண்டு சட்டம், பப் எல்லாம் பூட்டு, ஆரிட்டயும் போக ஏலாது. மேல்வீட்டுப் பெரியவர் அப்ப முதியோர் இல்லத்தில. அவருக்கு ஃபோன் எடுத்தனான். 1981, 1983, 1988 எண்டு மூண்டு தரம் இறங்கினதையும் பார்த்த மனுசன், அப்ப எல்லாம் கூட நிண்டு அழ ஆள் இருந்தது, இண்டைக்கு நானும் ரீவியும்தான் எண்டு சொன்னார்.

அதே இரவு லண்டனில இருக்கிற எங்கட பெடியளுக்கு வேற கொண்டாட்டம். ரெண்டு நாளைக்கு முதல் ஐரோப்பாவின்ர பெரிய பணக்கார கிளப்புகள் சேர்ந்து சூப்பர் லீக் எண்டு தங்களுக்கெண்டு தனி லீக் ஒண்டு அறிவிச்சவை, சனம் செல்சி ஸ்ரேடியத்துக்கு வெளியில நிண்டு ரோட்டை மறிச்சுது, அண்டு இரவே அதில சேர்ந்த ஆறு இங்கிலீஸ் கிளப்பும் பின்வாங்கினது. ரசிகர் வெண்ட நாள் எண்டு உலகம் முழுக்கச் செய்தி. அதுக்குள்ள ஷால்க விழுந்தது ஒரு மூலையில போச்சு. எனக்கு அதில கோபம் இல்லை, சந்தோசமாத்தான் பார்த்தனான், ஆனா ரசிகரைக் கணக்கில எடுக்காட்டி என்ன நடக்கும் எண்டுறதுக்கு எங்கட கிளப்தான் அந்த இரவின்ர மற்ற உதாரணம்.

ஏனெண்டால் இது ஒரு சீசனில நடந்த விழுகை இல்லை. 2018 இல டெடெஸ்கோ கோச்சா இருக்கேக்க லீகில இரண்டாம் இடம் வந்த ரீம் இது! மூண்டு வருஷத்தில கடைசி. நல்ல ஆட்டக்காரர் எல்லாம் காசு இல்லாமலே போச்சினம், மாத்திப் லிவர்பூலுக்கு, கொலாசினாக் ஆர்சனலுக்கு, கோரெட்ஸ்கா பயேர்னுக்கு, நூபெல் பயேர்னுக்கு, எல்லாரும் கொன்ராக்ட் முடிய வெறுங்கையாப் போக விட்டாச்சு. அந்த ஒவ்வொராளையும் ஒரு வருஷம் முந்தி வித்திருந்தால் கிளப்புக்கு எவ்வளவு காசு. வித்திருக்க வேணும், அல்லது வைச்சிருக்க வேணும், ரெண்டும் செய்யேல்லை. பதிலுக்குப் பெரிய சம்பளத்துக்கு ஆக்களை எடுத்து, சம்பியன்ஸ் லீக் காசு ஒவ்வொரு வருஷமும் வரும் எண்ட நினைப்பில செலவழிச்சு, கொரோனா வரேக்க 20 கோடி யூரோ அளவில கடன்.

காசை விட மனசை நோகடிச்சது வேற. மேற்பார்வைக் குழுத் தலைவரா இருந்த இறைச்சி முதலாளி க்ளெமென்ஸ் டொன்னீஸ் 2019 இல ஆபிரிக்க சனத்தைப் பற்றி மேடையில இழிவாக் கதைச்சார். கிளப் குடுத்த தண்டனை எண்டு சொல்லப்போனால் மூண்டு மாதம் அவராவே ஒதுங்கி இருந்ததுதான். கானாவில பிறந்த அசமோவா எங்கட நெஞ்சில இருக்கிற ஆட்டக்காரன், அப்பிடி ஒரு கிளப்பில இது. கறுத்தத் தோலோட அந்த ஸ்ரேடியத்துக்குள்ள போய்வாற எங்களுக்கு அது எப்பிடி இருந்திருக்கும் எண்டு ஆரும் கேக்கேல்லை. பிறகு 2020 கோடை, அவற்றை இறைச்சித் தொழிற்சாலையில ஆயிரத்துக்கு மேல தொழிலாளருக்குக் கொரோனா. அதே மாதம் கிளப் இளைஞர் ரீம் பிள்ளையளை ஏத்தி இறக்கின சின்ன பஸ் சாரதிமாரை வேலையால நிப்பாட்டினது. ரிக்கற் காசைக் கெதியாத் திருப்பித் தர வேணுமெண்டால் உங்களுக்கு என்ன கஷ்டம் எண்டு எழுதித் தாங்கோ எண்டு ரசிகரிட்டக் கேட்டது. சுரங்கத் தொழிலாளியின்ர கிளப், வேலை போன சனத்திட்ட வறுமையை நிரூபி எண்டு கேக்குது! பிறகு மன்னிப்புக் கேட்டவை, ஆனா கேட்டது கேட்டதுதான். ஜூன் கடைசியில சனம் ஸ்ரேடியத்தைச் சுத்தி வரிசையா நிண்டு, ஷால்க கசாப்புக்கூடம் இல்லை எண்டு பதாகை பிடிச்சுது. மூண்டு நாளால டொன்னீஸ் விலகினார். ஆனா அதுக்குள்ள எல்லாம் உக்கிப் போச்சு.

அடுத்த சீசன் முதல் மட்சே பயேர்னிட்ட 8-0. ஒரு சீசனுக்குள்ள அஞ்சு கோச்மார், வாக்னர், பௌம், இடையில ஸ்ரீவன்ஸ், பிறகு குரோஸ், பிறகு கிரமோசிஸ். 1997 இல கப் எடுத்துத் தந்த ஸ்ரீவன்ஸையே திருப்பக் கூப்பிட வேண்டி வந்தது எண்டால் நிலைமையைப் பாருங்கோ. வெல்லாமல் 30 மட்ச், டஸ்மானியா பேர்லினின்ர பழைய 31 எண்ட கேவலச் சாதனைக்கு ஒண்டு குறைய, 2021 ஜனவரியில கலிபோர்னியாப் பெடியன் மத்யூ ஹொப்ப மூண்டு கோல் அடிச்சு ஹொஃபன்ஹைமை 4-0 எண்டு வெண்டம். அண்டைக்கு எங்கட வீட்டில பாயாசம். அது காணும் எண்டு நினைச்சம், காணேல்லை. சீசன் முடிய மூண்டே வெற்றி, 16 புள்ளி, வாங்கின கோல் 86.

இனி அந்த இரவின்ர மிச்சக் கதை. பீலபெல்டில இருந்து ரீம் பஸ் நடுச்சாமம் தாண்டி ஸ்ரேடியத்துக்கு வர, சில நூறு பேர் காத்துக்கொண்டு நிண்டவை. முட்டை எறிஞ்சு, கத்தி, ஆட்டக்காரரைத் துரத்தி, அடி விழுந்தது எண்டும் செய்தி வந்தது. நான் போகேல்லை. அதை ஒரு நாளும் நியாயப்படுத்த மாட்டன், தோத்த பெடியனுக்குக் கை ஓங்குறது ரசிகன்ர வேலை இல்லை. ஆனா ஒரு வருஷத்துக்கு மேல வாசல் பூட்டி, விசிலடிக்கவோ கத்தவோ அழவோ இடமில்லாமல் வைச்சிருந்த சனத்தின்ர கோபம் அப்பிடி ஒரு இருட்டில போய் வெடிச்சது. சனம் உள்ளுக்க இருந்திருந்தால் அந்த ரீம் இப்பிடி விளையாடியே இருக்காது எண்டுதான் நான் இண்டைக்கும் நம்புறன். வீட்டு மைதானத்தில அறுபதாயிரம் பேர் பார்த்துக்கொண்டு நிக்கேக்க ஓடாமல் நிக்க ஒருத்தனுக்கும் மனம் வராது.

இதை எங்கட ஊர் ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990 இல யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில இருந்து எழும்பின சனம் நாங்கள். எங்கட பந்தடிச்ச வளவு அங்கதான் கிடந்தது, கம்பி வேலிக்கு அங்கால, எங்கட கால் படாமல். இராணுவத்தின்ர உயர் பாதுகாப்பு வலயம் எண்டு பேர். மைதானம் ஒருத்தரும் கொண்டு போகேல்லை, எங்களைத்தான் வெளியில விட்டவை. ஐயாமார் வேலிக்கு இங்கால நிண்டு, அந்தா அதுதான் கோல் போஸ்ட் நிண்ட இடம் எண்டு காட்டினதை ஊருக்குப் போய்வந்தவை எல்லாம் சொன்னவை. அந்த ஏப்ரல் இரவு அசமோவா கமராவுக்கு முன்னால கண்கலங்கி நிக்கேக்க எனக்கு அந்த வேலி ஞாபகம் வந்தது. எங்கட இடம், ஆனா எங்களுக்கு உள்ள போக ஏலாது, உள்ளுக்க நடக்கிறது எங்கட கையில இல்லை. கனடா அண்ணை, இதுதான் பதில்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேணும், இல்லாட்டி அரைக்கதை. 2022 மே 7, வாசல் திறந்து ஸ்ரேடியம் நிரம்பி வழிஞ்ச நாள், சென் பவுளியோட மட்ச். பாதிநேரத்தில 0-2. பிறகு ரெரோட்ட எண்டவர் ரெண்டு கோல், சலசார் எண்டவர் ஒண்டு, 3-2, திரும்ப முதல் டிவிஷன். கோச் பூஸ்கென்ஸ், 1997 ரீமில விளையாடின அதே ஆள். சனம் எல்லாம் மைதானத்துக்குள்ள, நானும் மகனும் உள்ள. மகன் ஒரு பிடி புல்லைப் பிடுங்கி வைச்சிருக்கிறான். பெரியவரையும் சக்கரநாற்காலியில கொண்டு போனம், ஆரோ தெரியாத பெடியள் பியரை அவற்றை கையில குடுத்து பாட்டும் படிச்சாங்கள்.

நிலைக்கேல்லை, அதுவும் உண்மை. 2023 மே 27, லைப்ஸிக்கில 4-2 எண்டு தோத்துத் திரும்ப இறங்கிச்சுது. எங்கட டோட்முண்ட் அண்ணை, உங்கள் எல்லாருக்கும் தெரிஞ்சவர்தான், எங்கட எதிரிக் கிளப் டோட்முண்டின்ர ரசிகர், அவற்றை கிளப் அதே மத்தியானம் மைன்ஸோட 2-2 எண்டு சமன் எடுத்து சம்பியன் பட்டத்தை பயேர்னுக்கு விட்டுக்குடுத்துப்போட்டுது. வழமையா ஷால்க தோத்தால் நக்கலடிக்க முதல் ஃபோன் அவற்றையாத்தான் வரும். அண்டைக்கு அவர் எடுத்து, டேய் வா தேத்தண்ணி குடிப்பம் எண்டார். போனனான். அக்கா வடை சுட்டு வைச்சிருந்தா, ரெண்டு பேரும் பந்தைப் பற்றிக் கதைக்கவே இல்லை, ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேருக்கு ஆர் ஆர் வாறது எண்டுதான் கதை. ஆனா பாருங்கோ, அந்த இரண்டாம் விழுகை எனக்கு முதலாவதின்ர கால்வாசி கூட நோகேல்லை. லைப்ஸிக்கில எங்கட சனம் ரீமோட நிண்டது, முடிஞ்ச பிறகும் நிண்டு பாடினது, 2021 போல ஆரையும் துரத்தேல்லை. 31 புள்ளி எடுத்து கடைசி நாள் வரைக்கும் பிடிச்சு நிண்ட ரீம் அது, தலை குனிய ஒண்டுமில்லை.

ஹம்பேர்க்கில இருக்கிற ஆக்களிட்ட ஒரு கேள்வி. 2018 மே 12 இல உங்கட கிளப் முதல் முதல் இறங்கினது, லீக் தொடங்கின நாளில இருந்து நீங்கள் முதல் டிவிஷனில நிண்ட காலத்தைக் காட்டி உங்கட ஸ்ரேடியத்தில ஓடின அந்த மணிக்கூடு நிண்டது. அண்டைக்கு நீங்கள் கிளட்பாக்கை 2-1 எண்டு வெண்டும் இறங்கினனீங்கள், உங்களுக்கு மேல நிண்ட வோல்ஃப்ஸ்பேர்க்கும் அங்க வெண்டபடியா. ஸ்ரேடியத்தில இருந்த எங்கட ஊர்ப் பெடியள் ரெண்டு மூண்டு பேராவது இந்தக் குழுவில இருக்கிறியள் எண்டு தெரியும். எழுதுங்கோ. லண்டனில இருக்கிற லீட்ஸ் கிளப் ஆக்களும் எழுதலாம், லீட்ஸ் இறங்கின 2004 ஐ மறந்திருக்க மாட்டியள். சங்கத்தின்ர கோடைகால ஒன்றுகூடல் இந்தமுறை எங்கட இந்த றூர் பக்கம் எண்டு முடிவானால், சனிக்கிழமை மட்ச் இருந்தால் ரிக்கற் எடுக்கிற பொறுப்பு என்னது, ஆர் வாறியள் எண்டு முன்கூட்டியே பேர் தாங்கோ, நிக்கிற பக்கம் ரிக்கற் கெதியா முடியும்.

அன்போட,
கெல்சன்கியர்ஷனில இருந்து உங்கட தம்பி