நூறு மைலா, எண்பத்தாறா? லண்டன் சைக்கிள் ஓட்டமும் ஒரு வாழ்த்து மலரும்

சங்கிலி:
போன கிழமை ஒரு அறுபதாம் பிறந்தநாள் விழாவுக்குப் போனன். மேசைக்கு மேசை வாழ்த்து மலர் வைச்சிருந்தினம். ரோல்ஸ் கடிச்சுக்கொண்டு புரட்டினால் நாலாம் பக்கத்தில இப்பிடிக் கிடக்கு: “2014இல் ரைட்லண்டன் சைக்கிள் பந்தயத்தில் நூறு மைல் ஓடி முடித்த வீரர்.” ரோல்ஸ் தொண்டையில நிண்டுட்டுது. 2014இல நூறு மைல் ஒருத்தரும் ஓடேல்லை. ஆகஸ்ட் 10, பேர்த்தா சூறாவளியின்ர மிச்சம் வந்து அடிச்ச நாள். லீத் ஹில், பொக்ஸ் ஹில் எண்ட இரண்டு மலை ஏற்றத்தையும் வெட்டி எறிஞ்சு 86 மைலோட முடிச்சவை. மலர் அடிச்சவைக்குத் தெரியாதோ, அடிப்பிச்சவருக்குத் தெரியாதோ?

மிதிமன்னன்:
ஆரைச் சொல்லுறார் எண்டு எல்லாருக்கும் விளங்கும். என்ர ரோல்ஸைத் திண்டுபோட்டு என்னையே நோண்டுறார். நிகழ்வின்ர பேரிலேயே 100 இருந்தது. நான் பதிஞ்சது நூறுக்கு, காசு கட்டினது நூறுக்கு. மழை பெய்தது என்ர பிழையோ? விடிய ஆறரைக்கு ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் பார்க்கில நிண்டன். கிங்ஸ்டன் வரேக்க சப்பாத்துக்குள்ள தண்ணி, ஒவ்வொரு மிதிக்கும் சளக் சளக் எண்டு சத்தம். விரல் விறைச்சு கியர் மாத்த ஏலாம உள்ளங்கையால தட்டி மாத்தினன். வீட்டில தேத்தண்ணியோட இருந்து எழுதுறவைக்கு இது விளங்காது.

சங்கிலி:
மழையைப் பற்றி ஆர் கேட்டது? 86.

கோவைக்காரன்:
ஒரு சின்ன சந்தேகம். சைக்கிளை ‘ஓட்டினேன்’னுதானே சொல்லணும்? ‘நூறு மைல் ஓடினார்’னதும் நான் மாரத்தான்னு நினைச்சுட்டேன். அப்புறம், அது பந்தயமே கிடையாதே. அன்னைக்கு மத்தியானம் ஆண்களுக்கு நடந்த கிளாசிக்தான் ரேஸ், ஆடம் பிளைத் ஜெயிச்சார். காலையில பொதுமக்கள் போனது சும்மா ரைடு.

நல்லூரான்:
சைக்கிள் ஓடுறதுதான் தம்பி. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, யாழ்ப்பாணமே சைக்கிளிலதான் திரிஞ்சது. முன்னுக்கு ஒரு பிள்ளை, பின்னுக்கு மனிசி, ஹாண்டிலில அரிசிப் பை. அப்பிடி ஓடின சனத்துக்கு நீங்கள் இலக்கணம் படிப்பிக்கிறியளோ? உங்கட பக்கம் ‘ஓட்டு’ எண்டால் காசு குடுத்து வாங்குற சாமான்.

கோவைக்காரன்:
அண்ணே, வினைச்சொல்லைத்தானே கேட்டேன். எதுக்கு எலெக்‌ஷனுக்குப் போறீங்க?

சாரதா:
நூறு நூறு எண்டு சண்டை பிடிக்கிற ஆக்களில எத்தனை பேர் அதுக்கு முதல் நாள் சனிக்கிழமை நடந்த ஃப்ரீசைக்கிளுக்குப் போனவை? எட்டு மைல் சுற்று, கார் இல்லாத ரோட்டு, காசும் இல்லை. 2013இல முதல் வருசமே பிள்ளையளோட போனன். செயின்ட் போல்ஸ் தேவாலயத்துக்கு முன்னால என்ர மகள் நடுரோட்டில நிப்பாட்டிப்போட்டு “பஸ் எல்லாம் எங்கையம்மா போட்டுது?” எண்டு கேட்டாள். அதுதான் எனக்கு அந்த விழா. இன்னுமொண்டு, 2016இல பொம்பிளையளின்ர ரேஸுக்கும் ஆம்பிளையளுக்குக் குடுத்த அளவு பரிசுப்பணம் குடுத்தவை. அதைப் பற்றி இஞ்ச ஒரு மூச்சு இல்லை.

சங்கிலி:
தங்கச்சி, நீங்கள் எட்டு ஓடினதை எட்டு எண்டே சொன்னியள். மரியாதை. சிலர் 86ஐ எழுதவே கை கூசுறார்கள்.

கடைக்காரன்:
உங்கள் எல்லாருக்கும் சேர்த்து என்ர வாழ்த்து. விம்பிள்டன் பக்கம் கடை வைச்சிருந்தனான். ஞாயிற்றுக்கிழமை ரோட்டைப் பூட்டினால் கணபதி கோயிலுக்கு வாற சனமும் குறைவு, பார்சல் எடுக்க வாறவையும் இல்லை. ஒரு வருசம் ஒரு சாமத்தியச் சடங்குக்கு 150 பேருக்குச் சாப்பாடு. வானுக்குள்ள புட்டு ஆறி, நான் தடைக்கு இஞ்சால, மண்டபம் அங்கால. 2022இல எசெக்ஸ் பக்கம் மாத்தினவை, நான் தேங்காய் உடைச்சன்.

மிதிமன்னன்:
வருசத்தில ஒரு ஞாயிறு, அதுவும் முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டித்தான் பூட்டினவை. உங்கட புட்டு ஆறினதுக்கும் என்ர மைலுக்கும் என்ன சம்பந்தம்? சரி, கணக்குத்தானே வேணும்? இந்தாருங்கோ. ஈஸ்ட்ஹாம் வீட்டில இருந்து ஒலிம்பிக் பார்க்குக்கு 4 மைல், சைக்கிளிலதான் போனன். ஓட்டம் 86. த மோல் எண்ட ரோட்டில முடிச்சு, அங்கயிருந்து ஈஸ்ட்ஹாமுக்கு 10. கூட்டிப் பாருங்கோ.

சங்கிலி:
அம்மாடி! வீட்டுப் படலையில இருந்தோ கணக்கு? அப்ப குளியலறைக்கு நடந்ததையும் சேர்க்கலாமே. சரி, சேர்ப்பம். ஆனால் அண்டைக்குப் பின்னேரம் எம்பாங்க்மென்ட் ஸ்டேசனில நீங்கள் சைக்கிளோட டிஸ்ட்ரிக்ட் லைனில ஏறினதைக் கண்ட ஆள் இருக்கு. ஈரக் காற்சட்டையோட மூலையில நிண்டு வாழைப்பழம் சாப்பிட்டனியளாம். அந்தப் பத்து மைலையும் ரயில்தான் ஓடினது. உங்கட கணக்குப்படியே 90.

நல்லூரான்:
🍌

மிதிமன்னன்:
பின் ரயர் காத்துப் போட்டுது. இல்லாட்டி ஓடித்தான் வந்திருப்பன். கண்ட ஆளின்ர பேரைச் சொல்லுங்கோ பாப்பம்.

சங்கிலி:
பேர் என்னத்துக்கு? காத்துப் போனதை நீங்களே சொல்லிட்டியள். 90ம் இல்லை, 86தான்.

மிதிமன்னன்:
சங்கிலியாருக்கு என்ன எரிச்சல் எண்டு நான் சொல்லட்டோ? மூண்டு வருசம் அந்த ஓட்டத்துக்கு ஆக்களை எடுக்கிற குலுக்கலுக்குப் போட்டவர். மூண்டு தரமும் விழேல்லை. எனக்கு முதல் தரமே விழுந்தது. அண்டையில இருந்து என்ர வீட்டு விசேசத்துக்கு வந்தால் சாப்பாட்டில உப்பு, மண்டபத்தில குளிர் எண்டு ஏதாவது பிடிப்பார்.

சங்கிலி:
குலுக்கலில விழாதது உண்மை. நான் ஒளிக்கேல்லை. ஆனபடியால்தான் நான் ஓடினதா மலர் அடிக்கேல்லை. 2012 ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில பொக்ஸ் ஹில்லில ஆம்பிளையள் ஒன்பது தரம் ஏறினவை, பொம்பிளையள் இரண்டு தரம். நீங்கள் எத்தனை தரம்? பூச்சியம். அந்த மலையில ஏறுற ரோட்டுத்தான் ஜிக்ஸாக் ரோட்டு; ‘ஜிக்ஸாக் ரோட்டில ஏறி’ எண்டும் மலரில கிடக்கு, நாலாம் பக்கம், கடைசி வரி.

சாரதா:
அது மலரில இருக்கோ? ஐயோ அண்ணை.

மிதிமன்னன்:
அது எழுதினது மருமகன். அவன் கவிதை எழுதுற பெடியன்.

கோவைக்காரன்:
2014ல அந்த மலையைத்தான் எடுத்துட்டாங்களே. மருமகன் எந்த மலையை எழுதினார்?

மிதிமன்னன்:
விம்பிள்டன் ஹில் இருந்ததுதானே! கடைசியில கால் இரண்டும் மரத்துப்போன நேரத்தில அந்த ஏற்றம். நான் இறங்கித் தள்ளேல்லை. பக்கத்தில எத்தனை பேர் தள்ளினவை தெரியுமோ?

கடைக்காரன்:
தெரியும். எனக்கு முன்னாலதான் தள்ளினவை. ஒருத்தன்கூட ஒரு வடை வாங்கேல்லை.

சங்கிலி:
86.

மிதிமன்னன்:
86 மைல் எத்தனை கிலோமீற்றர்? 138. நூறைத் தாண்டிட்டுது. இப்ப என்ன சொல்லப் போறியள்?

சங்கிலி:
மலரில மைல் எண்டு கிடக்கு. வேணுமெண்டால் படம் எடுத்துப் போடுறன். ரோல்ஸ் எண்ணெய் பட்டிருக்கு, ஆனால் வாசிக்கலாம்.

கோவைக்காரன்:
போடுங்க. ‘ஓட்டி’ன்னு இருக்கா ‘ஓடி’ன்னு இருக்கான்னு நானும் பார்த்துக்கறேன்.

நல்லூரான்:
திரும்பவும் துவங்கிட்டான்.