டைனமோட்டர் பார்த்தவர்கள், பாவித்தவர்கள் உண்டா?

1990இல் கறண்ட் போன பிறகு சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட கதை யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும். அதை விடுவம். கனபேர் காணாத ஒரு சாமானைப் பற்றிச் சொல்கிறேன்: அதுதான் டைனமோட்டர்.

பெரியப்பா வால்வ் றேடியோ (ட்ரான்சிஸ்டருக்கு முந்திய, கண்ணாடிக் குழாய் றேடியோ) திருத்துபவர். சுன்னாகத்தில் அவருடைய மேசைக்கு அடியில் ஒரு பாரமான இரும்பு உருளை கிடந்தது. ஒரு முனையில் கார் பற்றறியைக் கொடுத்தால் சுழலும், மறு முனையில் 250 வோல்ற் அளவில் நேரோட்டம் வரும். இரண்டாம் உலகப் போர்க்கால இராணுவ றேடியோக்களில் இருந்த வகை. வால்வுக்கு உயர் வோல்ற் வேண்டும், பற்றறியோ 12. நேரோட்டத்தில் காந்தப்புலம் மாறாது என்பதால் நிலைமாற்றி (ட்ரான்ஸ்போமர்) உதவாது, வெறுமனே சூடாகும்.

மோட்டரையும் ஜெனரேற்றரையும் ஒரே அச்சில் பூட்டியது என்றுதான் பலர் நினைப்பார்கள். இது அப்படியில்லை. ஒரே ஆமேச்சரில் (சுழலும் பகுதியில்) இரண்டு சுருள்: தடித்த கம்பியில் கொஞ்சச் சுற்று, மெல்லிய கம்பியில் நிறையச் சுற்று. திக்குமாற்றி (பிறஷ் உரசும் செப்பு வளையம், கொமியூற்றேற்றர்) தனித்தனி, காந்தப்புலம் (பீல்ட்) மட்டும் பொது.

“வோல்ற் காணாது, பீல்டைக் கூட்டினால் என்ன பெரியப்பா?” என்று கேட்டேன்.

“கூட்டிப்பாரன்” என்று சிரித்தார்.

புலத்தைக் கூட்டினால் வேகம் குறையும். ஒன்று ஏற மற்றது இறங்குவதால் வோல்ற் அங்கேயே நிற்கும். சுற்றுகளின் விகிதம்தான் அதைத் தீர்மானிக்கிறது. பற்றறி இறங்கினால் இதுவும் இறங்கும், அவ்வளவுதான். இரண்டு சுருளிலும் மின்னோட்டம் எதிரெதிராக ஓடுவதால் ஆமேச்சரின் காந்த விளைவு பெருமளவு அழிந்துவிடும், பிறஷில் பொறி குறைவு. எனக்குப் பிடித்தது அந்தக் கெட்டித்தனம்தான். ஆனாலும் றேடியோவில் கரகரப்பு வரும், கொண்டென்சர் போட்டு வடிக்கவேண்டும்.

பெரியப்பா அதை ஓடவிட்டது அரிது. கொடுக்கிற சக்தியில் பாதிக்குக் கிட்ட வீணாகும். மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் பற்றறி சார்ஜ் பண்ணுவதே பெரும்பாடு.

*

(ஒருவரின் மறுமொழி) அண்ணை, நான் தொழில்நுட்பக் கல்லூரியில் பழகியது நீங்கள் சொன்ன மற்ற வகை. மோட்டர் வேறு, ஜெனரேற்றர் வேறு. ஜெனரேற்றரின் பீல்ட் றியோஸ்ரற்றை (புலத்தைக் கூட்டிக் குறைக்கும் மாறும் தடையை) திருப்பத் திருப்ப வோல்ற் மீற்றர் ஏறும். இடம் கூடப் பிடிக்கும், ஆனால் சொன்னபடி கேட்கும்.

உங்களிடம் அந்த உருளை இன்னும் இருந்தால், ஓடவிட முதல் பிறஷ் தேய்ந்திருக்கிறதா பாருங்கோ. திக்குமாற்றியில் எண்ணெய் படவே கூடாது. நிறுத்திய பிறகும் கொண்டென்சரில் வோல்ற் மிஞ்சியிருக்கலாம், கையை வைத்துவிடாதேங்கோ.