ஷேல் எரிவாயுவுக்குத் தமிழ்ச்சொல்: 'களியேடு' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஷேல் எரிவாயுவை (shale gas) 'பாறை எரிவாயு' என்றாலே போதும் என்று இங்கே ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வழக்கமான எரிவாயுவும் பாறையிலிருந்துதானே வருகிறது? மணற்கல்லில் இருக்கும் வாயு நுண்துளைகள் வழியே நகர்ந்து கிணற்றுக்கு வந்துவிடும். ஷேலில் உள்ளது பிறந்த இடத்திலேயே அடைபட்டுக் கிடக்கும். காரணம் கல்லின் தன்மை. பெயரில் அது தெரிய வேண்டும்.

ஷேல் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சேறு படிந்து இறுகிய கல். ஓரத்தில் கத்தி முனையை வைத்து நெம்பினால் பழைய சுவடிக்கட்டு போல ஏடு ஏடாகப் பிரியும். அதனால்தான் 'களியேடு' என்கிறேன். முதலில் 'ஏட்டுப்பாறை' என்று நினைத்தேன். ஆனால் சிலேட்டும் அப்படித்தான் பிரியும். அதில் களி உருமாறிவிட்டது, ஷேலில் இன்னும் களியாகவே இருக்கிறது. களியேட்டு எரிவாயு, களியேட்டுக் கிணறு என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு இடறவில்லை.

அப்புறம், அடைபட்ட வாயு வெளியே வருவதற்காக நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறை (hydraulic fracturing). 'நீரியல் வெடிப்பு' வேண்டாம். நீரியல் ஒரு துறையின் பெயர். வெடிப்பு என்றதும் வெடிமருந்துதான் நினைவுக்கு வரும். 'நீர்ப்பிளப்பு' சுருக்கமானது, ஆனால் வேதியியல் மாணவர் அதை நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பது என்றே படிப்பார். 'நீரழுத்தப் பிளப்பு' சரியாக இருக்கும். அமெரிக்காவில் டெக்சாஸின் பார்னெட் என்ற ஷேல் படிவத்தில் எரிவாயுத் தொழிலதிபர் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் பல ஆண்டுகள் கெட்டியான கூழைச் செலுத்திப் பார்த்தது. 1998 வாக்கில் பெரும்பங்கு நீரான கலவைக்கு மாறிய பிறகுதான் செலவு கட்டுபடியானது. ஆகவே பெயரில் நீருக்கு இடம் உண்டு. விரிசல் மறுபடி மூடிக்கொள்ளாமல் தாங்க நீரோடு சேர்த்து அனுப்பும் மணலுக்கு 'முட்டுமணல்'. சாயும் சுவருக்கு முட்டுக்கொடுக்கிறோமே, அதே வேலை.

கடைசியாக, ஷேல் எரிவாயு பற்றிய பேச்சில் வரும் 'ஆற்றல் சுதந்திரம்' (energy independence), அதாவது ஒரு நாடு தன் ஆற்றல் தேவைக்கு வெளிநாடுகளை நம்பியிராத நிலை. 1973 அரபு எண்ணெய்த் தடையின்போது அமெரிக்க அதிபர் நிக்சன் முன்வைத்த இலக்கு இது. 2019இல் அமெரிக்காவின் மொத்த ஆற்றல் ஏற்றுமதி இறக்குமதியைத் தாண்டியது. ஆனாலும் அங்குள்ள சுத்திகரிப்பு ஆலைகள் பல கனடாவின் கனமான கச்சா எண்ணெயை இன்றும் வாங்குகின்றன. 'தன்னிறைவு' என்றால் பொய்யாகிவிடும். 'சுதந்திரம்' வெறும் முழக்கமாக நின்றுவிடும். 'ஆற்றல் தற்சார்பு' என்றால் கூடியது குறைந்தது என்று அளந்து பேசலாம்.

ஒன்றுதான் உறுத்துகிறது. 'களி' என்றதும் சிலருக்கு மகிழ்ச்சி என்ற பொருள் முந்துமோ? 'களிமண்ணேடு' என நீட்டினால் குறிப்பு தெளிவாகும், சொல் கனத்துவிடும். நிலவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.