அப்பாவின் பிஎஸ்ஏ 5.8: பயாப்சிக்கு முன் ஒரு சந்தேகம்

வணக்கம். அப்பாவுக்கு வயது 68. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பியில் உருவாகும் புரதம்; கூடினால் புற்றுநோய் சந்தேகம் வரும்) 5.8. 4 முதல் 10 வரை இரண்டுங்கெட்டான் அளவாம். புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் இப்படி ஏறும். ஃப்ரீ பிஎஸ்ஏ, அதாவது மொத்த பிஎஸ்ஏவில் வேறு புரதங்களோடு ஒட்டாமல் இருக்கும் பங்கு, 12 சதவீதம். 25-க்கு மேல் என்றால் கொஞ்சம் நிம்மதி, 10-க்குக் கீழே என்றால் சந்தேகம் கூடும். நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம்.

அப்புறம், அவர் இரண்டு வருடமாக ஃபினாஸ்டரைடு (புராஸ்டேட் வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை) போடுகிறார். அது பிஎஸ்ஏவைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடுமாம். அப்படியென்றால் உண்மையான அளவு 11-ஐத் தாண்டுமே! டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. நேற்று இரவு மாத்திரை அட்டையைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

டாக்டர் நேரே பயாப்சி (புராஸ்டேட்டில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) என்கிறார். முதலில் எம்ஆர்ஐ எடுத்தவர்கள், பிஎச்ஐ (பிஎஸ்ஏ வகைகளைச் சேர்த்துக் கணக்கிடும் புராஸ்டேட் ஹெல்த் இண்டெக்ஸ்) ரத்தப் பரிசோதனை செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: பயாப்சி தேவைப்பட்டதா? திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம்.