லேத்துக்கு ஆள் எங்கே? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை, லேத் பட்டறை

2014-ல் ‘மேக் இன் இந்தியா’ என்றார்கள். அதற்கப்புறம் இயந்திரம் வாங்கக் கடன் தருகிறோம் என்று கூப்பிடாத வங்கி இல்லை. வாங்கிய இயந்திரத்தில் யார் நிற்பது? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கோவை கணபதியில் எனக்குச் சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறை. பம்ப் ஷாஃப்ட், புஷ், இம்பெல்லர் எல்லாம் ஜாப் ஒர்க், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து தருவது. சமீபத்தில் ஒரு பையன் வேலை கேட்டு வந்தான். ஐடிஐயில் டர்னர் (லேத் ஓட்டும் தொழில்) படித்தவன், நல்ல மார்க். ஒரு ஷாஃப்டைக் கொடுத்து, “பேரிங் உட்கார்ற இடத்தை அளந்து சொல்லு தம்பி” என்றேன். மைக்ரோமீட்டரை (நுட்பமாக அளக்கும் கருவி) வாங்கியவன் சி-கிளாம்ப் போல முறுக்கி இறுக்கினான். அளவுக்கு மேல் இறுகாமல் தடுக்க ராட்செட் என்று ஒன்று பின்னால் இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

கேட்டால், “எங்க ஐடிஐல அதைக் கண்ணுலதான் பார்த்தோமுங்ண்ணா. பீரோவுல வச்சுப் பூட்டியிருப்பாங்க” என்கிறான்.

சேர்த்துக்கொண்டேன். லேத்தில் வெட்டும் டூலைத் தீட்டச் சொன்னால் கிரைண்டரில் அழுத்திப் பிடித்து, நுனி சூடேறி நீலமாகிக் கெடும்படி செய்துவிடுவான். இப்போது பரவாயில்லை. சிஎன்சியில் (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் இயந்திரம்) நிற்கவே ஆசைப்படுகிறான், நான்தான் பழைய லேத்திலேயே விட்டு வைத்திருக்கிறேன். வெட்டும்போது சத்தம் மாறினால் ஃபீடை (டூல் நகரும் வேகத்தை)க் குறைக்கத் தெரிய வேண்டும். அது புரோகிராமில் வராது.

இந்த ஊருக்கு இது புதிதல்ல. பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் 1926-லேயே வந்துவிட்டது. விற்கிற மோட்டாரும் பம்பும் தயாராகிற இடத்திலேயே பையன்கள் தொழில் படித்தார்கள். ஜி.டி. நாயுடு 1945-ல் பாலிடெக்னிக் தொடங்கி, பொறியியல் படிப்பை நான்கு வருடம் இழுக்கத் தேவையில்லை என்று அரசோடு மல்லுக்கட்டினார். நடக்கவில்லை, விலகிவிட்டார். (அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மல்லுக்கட்ட ஒருவர் இருந்தாரே!) மற்றபடி ஊரை வளர்த்தது எங்கள் சந்துகள்தான். பெரிய கம்பெனியில் டர்னராக இருந்தவர் பழைய லேத் ஒன்றை வாங்கிப்போட்டு, அதே கம்பெனிக்கு ஜாப் ஆர்டர் செய்வார். என் மாமா அப்படி வந்தவர். அவரிடம் நான்.

இன்றைக்கு அந்த வண்டி எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. நாங்கள் சம்பளம் கொடுத்துக் கற்றுத் தருகிறோம். கை பழகியதும் பையன் பஸ், கேன்டீன், பிஎஃப் இருக்கிற இடத்துக்குப் போகிறான். அவன் மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் போவேன். ஆனால் கற்றுக்கொடுத்த செலவு யார் கணக்கில்?

திண்டுக்கல் பக்கம், ஐடிஐ பயிற்றுநர், ஃபிட்டர் பிரிவு

அண்ணா, அந்தப் பீரோ சாவி என்னிடமும் ஒன்று இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். மைக்ரோமீட்டர் ஸ்டாக் ரிஜிஸ்டரில் என் பெயரில் இருக்கிறது. தொலைந்தாலோ கீழே விழுந்து கெட்டாலோ ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியது நான். அதனால் முன்பு பலரும் போர்டில் படம் போட்டே பாடத்தை முடித்தார்கள். நான் திறந்துதான் கொடுக்கிறேன், ஆனால் பக்கத்திலேயே நிற்பேன்.

மாற்றம் இல்லாமல் இல்லை. டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐடிஐகளைத் தரம் உயர்த்தியிருக்கிறார்கள். ரோபோ, சிஎன்சி எல்லாம் வந்துவிட்டது. பெண்பிள்ளைகளும் வருகிறார்கள். என் பிரிவிலேயே இருக்கிற ஒரு பெண், ஃபைல் (அரம்) பிடித்தால் மட்டமட்டமாக வரும். அவளுடைய அப்பாதான், ‘கரி அப்பின கையோட வந்தா யாரும்மா கட்டிக்குவா’ என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எங்களுக்குத் தட்டுப்பாடு இரும்புக்குத்தான். எம்எஸ் (சாதா மென் எஃகு) பட்டை எண்ணித்தான் வரும். ஒரே துண்டை முதலில் ஸ்கொயருக்கு ராவி, அப்புறம் ஃபிட்டிங்குக்கு வெட்டி, கடைசியில் டிரில்லிங்குக்கும் அதையே கொடுக்கிறோம். கை பழக வேண்டுமென்றால் துண்டு வீணாக வேண்டும். வீணாவதற்கு எந்தத் திட்டத்திலும் செலவுத் தலைப்பு இல்லை.

சிங்கப்பூர், ஓய்வு பெற்ற டூல் மேக்கர்

தம்பி, ‘யார் கணக்கில்’ என்று கேட்டீர்களே, இங்கே நடந்ததைச் சொல்கிறேன். 1971-ல் பிரிட்டிஷ் படை கிளம்பியபோது அவர்களை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான வேலைகளும் போயின. தொழிற்சாலைகளைக் கூப்பிட்டது அரசு. வந்தவர்கள் ‘கைத்தொழில் தெரிந்த ஆள் இருக்கிறானா’ என்றார்கள். 1972-ல் டாடாவோடு சேர்ந்து அரசு ஒரு பயிற்சி மையம் தொடங்கியது. அப்புறம் ரோலை, பிலிப்ஸ் கம்பெனிகளோடும். செலவில் அரசுக்கும் பங்கு. கம்பெனி தனக்கு வேண்டியதற்கு மேலேயே ஆட்களைப் பயிற்ற வேண்டும், மிச்சப் பேர் மற்றவர்களுக்கு.

நான் எழுபதுகளின் பின்பாதியில் பயிற்சியில் சேர்ந்தவன். ஆரம்பத்தில் மில்லிங் மெஷின் பக்கமே விடவில்லை. ஃபைல்தான். வாத்தியார் ட்ரை ஸ்கொயரை (செங்கோணம் சரிபார்க்கும் கருவி) வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். கீற்று தெரிந்தால் துண்டு குப்பைத் தொட்டிக்கு, எனக்குப் புதுத் துண்டு. ‘துண்டு வீணாக வேண்டும்’ என்று பயிற்றுநர் அம்மா சொன்னது அதனால்தான் மனதில் தைத்தது.

கேமரா செய்ய வந்த ரோலை 1981-ல் மூடிவிட்டது. பெரிய அடி. ஆனாலும் அங்கே தேறியவர்களை அடுத்து வந்த துல்லியப் பொறியியல் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. என் பக்கத்து பெஞ்சில் நின்றவர் அப்படி வந்தவர்தான். இங்கே நாடு சின்னது, ஒரே அரசு, சொன்னால் நடக்கும். கோவைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஒரு சந்தில் இருக்கிற நாலைந்து பட்டறை சேர்ந்து பையன்களை எடுத்தால், ஓடிப்போகிறவனும் பெரும்பாலும் அந்தச் சந்துக்குள்தானே ஓடுவான்?

கோவை, லேத் பட்டறை

ஐயா, அதை எங்கள் சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன். அப்ரண்டிஸ் உதவித்தொகையை 2019-ல் மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சமாக வைத்தார்கள். நாலு பேர் சேர்ந்து போட்டால் மேலேயே கொடுக்கலாம். ஆனால் பக்கத்துப் பட்டறைக்காரரும் நானும் ஒரே ஆர்டருக்கு விலை குறைத்துக்கொண்டு நிற்கிறவர்கள். பார்ப்போம்.

மேடம், துண்டு இரும்பு எங்களிடம் கிலோக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. எம்எஸ் இருக்கும், அதைவிடக் கடினமான ஈஎன்-8 எஃகும் இருக்கும். பார்சல் ஆபீசில் போட்டுவிடட்டுமா?

ஐடிஐ பயிற்றுநர்

போடுங்கண்ணா. எத்தனை கிலோ, என்ன சைஸ் என்று லெட்டர்பேடில் எழுதி, நன்கொடை என்று கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ரிஜிஸ்டரில் ஏற்றாமல் உள்ளே எடுக்க முடியாது. ஈஎன்-8 தனிக் கட்டாக இருக்கட்டும், முதல் வருடப் பிள்ளைகள் அதில் ஹேக்சா பிளேடை உடைத்துத் தள்ளிவிடுவார்கள்.